அறுவைக்கு முன் மருந்து: வீண் தாமதமா?

நாமக்கல், சேலம் பக்கம் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றதும் சொந்தபந்தம் கூடிச் சொல்வது இது: "கட்டியை உடனே எடுத்துடணும். முதல்ல மருந்துங்கிறது நாள் கடத்துற வேலை." அக்கறையில் பிறந்த பேச்சுதான். ஆனால் தவறு.

"அதற்குள் பரவிவிடும்." இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் ஸ்கேனில் தெரியாத புற்றணுக்கள் உடலில் முன்பே பரவியிருக்கலாம். கத்திக்கு எட்டாத அவற்றை மருந்து எட்டும். 2014இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு 15 ஆய்வுகளின் 2,385 நோயாளிகளைக் கணக்கிட்டது. அறுவை மட்டும் செய்தவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 40 சதவீதம். முன்னதாகக் கீமோ பெற்றவர்களில் 45. கீமோவோடு நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தையும் சேர்த்த செக்மேட் 816 ஆய்வில் அது 65. கீமோ மட்டும் பெற்றவர்களில் 55.

"உடம்பு தளர்ந்து ஆபரேஷனே நடக்காது." அதே ஆய்வில் கூட்டு மருந்து பெற்றவர்களில் 83 சதவீதத்தினருக்கு அறுவை நடந்தது, கீமோ மட்டும் பெற்றவர்களில் 75. கடும் பக்கவிளைவுகளும் கூடவில்லை.

"நம்மை வைத்துச் சோதிக்கிறார்கள்." 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் முற்றிய மார்பகப் புற்றுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முதலில், அறுவை பிறகு என்ற முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வளர்த்தார்கள். இந்த வழி நமக்குப் புதிதல்ல.

"மருந்திலேயே கரைந்தால் அறுவை எதற்கு?" செக்மேட் 816 ஆய்வில் கூட்டு மருந்து பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கு உயிருள்ள புற்றணு எதுவும் மிஞ்சவில்லை. அது யாருக்கு என்பதை ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது. வெட்டியெடுத்த பகுதியைச் சோதித்தால்தான் தெரியும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. சிறிய கட்டிக்கு அறுவையே முதல் சிகிச்சை. ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு நோயெதிர்ப்பு மருந்தால் பலன் குறைவு. ஆகவே மரபணுச் சோதனை முந்த வேண்டும். மருந்தின் விலையும் அதிகம். காப்பீடு எவ்வளவு தாங்கும் என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

உண்மையில் நாள் வீணாவது நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவுடன், சளிகூடச் சோதிக்காமல், மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியவர்கள் ஏராளம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அதில் காசநோய் இல்லை என்று வந்தும் நிழல் மறையவில்லையா? சி.டி. ஸ்கேனும் சதைச் சோதனையும் கேளுங்கள். அவசரப்பட வேண்டிய இடம் அதுதான்.