உலாவியும் முகவரிப் படிப்பும்

புதிய சாதனமொன்று பொதுமக்களின் கைக்கு வந்து சேரும்பொழுது, அதனை இயக்கும் முறை முதலில் பரவுகிறது. அதனை அறிந்து ஆளும் முறை பின்னரே பரவுகிறது. இணையத்தின் வாயிலாக விளங்கும் உலாவி இதற்குத் தக்க உதாரணமாகும். எவ்விடத்தைத் தொட்டால் எது திறக்கும் என்பதைச் சிறுவரும் முதியோரும் சில நாட்களில் கற்றுக்கொள்கின்றனர். ஆயினும், திறந்த பக்கம் யாருடையது என்று கண்டறியும் திறமை அவர்களுள் பலருக்கு வாய்ப்பதில்லை. தொடக்கநிலைப் பயிற்சி எதுவாயினும், அதன் முதற்பாடம் இதுவாகவே இருத்தல் வேண்டும்.

உலாவி என்பது இணையமன்று, தேடுபொறியும் அன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே புதியோருக்கு நேரும் பெரும் மயக்கம். இணையம், உலகெங்குமுள்ள கணிப்பொறிகளை இணைக்கும் பாதை. தேடுபொறி, அப்பாதையிலுள்ள இடங்களுக்கு அட்டவணை தரும் நிலையம். உலாவியோ, கைப்பேசியிலோ கணிப்பொறியிலோ அமர்ந்து, வேண்டிய பக்கத்தைத் தொலைவிலுள்ள கணிப்பொறியிடமிருந்து பெற்று, படிக்கத்தக்க வடிவில் திரையில் தீட்டிக் காட்டும் கருவி.

ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1989-ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் வலையமைப்பின் திட்டத்தை முன்வைத்தார். 1990-இல் முதல் உலாவியையும் அவரே ஆக்கினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மொசைக் என்னும் உலாவி, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி, விஞ்ஞானிகளின் கருவியைப் பொதுமக்களின் கருவியாக்கிற்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிற்று. அன்று முதல் உலாவியின் தோற்றம் பலவாறு மாறியுள்ளது. ஆனால் பக்கத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் முகவரி முறை அடிப்படையில் மாறவில்லை. ஆதலின் அதனை ஒருமுறை கற்றவர் எந்த உலாவியையும் ஆளலாம்.

திரையின் ஓரத்தில் ஒரு வரியாகத் தோன்றும் முகவரியைப் படிப்பது கடினமன்று. தபால் உறையின் மேல் முதலில் பெயர், பின்னர் தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என எழுதுகிறோம். தபாலைப் பிரிப்பவரோ கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறார். இணைய முகவரியும் அத்தகையதே. தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டிற்கும் அதனை அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டிற்கும் இடையே நிற்பது தளத்தின் பெயர். அதனை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். ஒற்றைச் சாய்கோட்டிற்குப் பின் வருபவை, வீட்டினுள் இருக்கும் அறைகளைப் போன்றவை. வீட்டுக்காரர் யார் என்பதை அவை உணர்த்தா.

'நம்வங்கி.பேங்க்.இன்' என்றொரு முகவரியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் முடிவு 'பேங்க்.இன்' என்பதால் அது வங்கிக்குரியது. 'நம்வங்கி.பேங்க்.இன்.சேவை.காம்' என்பது வேறு. இதன் உடைமையாளர், 'சேவை.காம்' என்ற பெயரைப் பதிவு செய்தவர் யாரோ அவர். அப்பெயருக்கு முன்னே தாம் விரும்பிய எச்சொல்லையும் அவர் சேர்த்துக்கொள்ள இயலும். இடமிருந்து படிப்பவரே ஏமாறுகிறார். ஆங்கில 'எல்' எழுத்திற்குப் பதிலாக 1 என்ற எண்ணையும், 'ஓ' எழுத்திற்குப் பதிலாகச் சுழியையும் இட்டு ஏமாற்றுவதும் உண்டு. சிறிய திரையில் முகவரி முழுவதும் தெரியாதபோது, அதனைத் தொட்டு விரித்துப் பார்த்தல் நலம்.

பூட்டுச் சின்னத்தைக் கண்டால் அஞ்ச வேண்டுவதில்லை என்ற போதனையும் திருத்தத்திற்குரியது. செய்தி வழியில் பிறரால் படிக்கப்படாது என்பதையே அச்சின்னம் குறித்தது; மறுமுனையில் இருப்பவர் நேர்மையாளர் என்று அது ஒருபோதும் கூறவில்லை. வஞ்சகரும் தம் தளத்திற்கு அத்தகைய பூட்டைச் செலவின்றிப் பெறலாம். மக்கள் இதனைத் தவறாகப் பொருள்கொண்டமையாலேயே, 2023-ஆம் ஆண்டு குரோம் உலாவியிலிருந்து பூட்டுச் சின்னம் நீக்கப்பட்டு வேறொரு சின்னம் வைக்கப்பட்டது.

அரசாங்கம் இத்துறையில் வாளாவிருந்துவிடவில்லை. 'கவ்.இன்' என முடியும் பெயர்கள் அரசாங்க அமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வங்கிகளுக்கென 'பேங்க்.இன்' என்ற தனிப்பெயரை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் அதற்கு மாறுமாறு வங்கிகளைப் பணித்தது. இது போற்றத்தக்க ஏற்பாடு. எனினும், முகவரியின் முடிவைப் பார்க்கத் தெரியாதவருக்கு இவ்வேற்பாட்டால் விளையும் பயன் யாது? அடையாளத்தை அமைத்தால் மட்டும் போதாது. அதனைப் படிக்கவும் கற்பித்தல் வேண்டும். 2017-இல் தொடங்கி 2024 மார்ச்சில் நிறைவுற்ற பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கத்தில் 6 கோடிக்கு மேற்பட்டோர் 20 மணி நேரப் பயிற்சி பெற்றனர். இனி நடைபெறும் இத்தகைய பயிற்சிகளில், முகவரியைப் படிப்பதற்கென ஒரு மணி நேரமேனும் ஒதுக்குதல் தகும்.

உலாவியே போலித் தளங்களைத் தடுத்து எச்சரிக்கையில், எளிய மனிதருக்கு இச்சுமை எதற்கு என்று சிலர் வினவலாம். அறியப்பட்ட போலிகளுக்கே அவ்வெச்சரிக்கை பெரிதும் துணைபுரியும். இன்று காலையில் முளைத்த போலி, பட்டியலில் ஏறுமுன் பலரை ஏமாற்றிவிடக்கூடும். தேடுபொறியின் முதல் வரிசையில் நிற்பது பல சமயங்களில் விளம்பரமே என்பதும் நினைவிற்குரியது. வங்கியின் முகவரியைக் கணக்குப் புத்தகத்திலிருந்தோ கிளையிலிருந்தோ ஒருமுறை அறிந்து, உலாவியில் குறித்துவைத்துக்கொள்வதே பாதுகாப்பான வழி.

பொறுப்பு மக்களுடையது மட்டுமன்று. அலுவலகங்களும் வங்கிகளும் உருத்தெரியாத சுருக்க இணைப்புகளை அனுப்புவதை விடுத்து, முழு முகவரியைத் தெளிவாக அச்சிடுதல் வேண்டும். ஆங்கில எழுத்தறியாதாரும் படிக்குமாறு, '.இந்தியா' போன்று இந்நாட்டு மொழிகளில் அமைந்த முகவரிகளையும் அவை பெருக்குதல் வேண்டும். ஏமாற்றப்பட்டவர் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும் என்பதையும் பரப்புதல் அவசியம். எனினும் முறையீடு பொருளை இழந்தபின் செய்வது. முகவரியைப் படிப்பதோ இழப்பதற்கு முன் செய்வது. கையெழுத்திடுமுன் பத்திரத்தைப் படிக்க வேண்டும் என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிவர். கடவுச்சொல்லை இடுமுன் முகவரியைப் படிப்பதும் அதனையொத்த வழக்கமாகுமாயின், உலாவி அவர்களுக்கு ஏற்ற நற்பணியாளாக விளங்கும்.