மனசுக்கும் ஒரு சத்துணவு வேண்டும்

பண்பொழியில் ஒரு பையன் பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வயிற்று வலி என்கிறான். எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறான். வாத்தியார் "திமிர்" என்பார், அப்பா "சோம்பேறி" என்பார், பக்கத்து வீட்டுப் பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்வார். மனச்சோர்வு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த நோய் பல நேரம் எரிச்சலாகவும் உடம்பு வலியாகவும்தான் வெளியே தெரியும்.

2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அதே ஆய்வில், மனச்சோர்வு உள்ள பெரியவர்களிலேயே 100-க்கு சுமார் 85 பேர் சிகிச்சை பெறவில்லை. பிள்ளைகள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

"அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே, போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தென்காசிக்குப் பஸ் ஏற வேண்டும். பீடி சுற்றும் அம்மாவோ வயல் வேலைக்குப் போகும் அம்மாவோ கூடப் போனால் அன்றைய கூலி போச்சு. இது ஒரே நாளில் முடிகிற வைத்தியமும் அல்ல, திரும்பத் திரும்பப் போக வேண்டும். மாத்திரை இலவசம், ஆனால் நாள் இலவசம் இல்லையே!

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எல்லோருக்கும் சிகிச்சை பெறும் உரிமை தந்திருக்கிறது. 2022-ல் 14416 என்ற இலவச எண்ணும் வந்தது. நல்லதுதான். ஆனால் வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா சட்டைப்பையில் என்றால் அந்தப் பிள்ளை யாருக்குத் தெரியாமல் பேசும்?

பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று புரிந்ததும் தமிழ்நாடு என்ன செய்தது? வேறு ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வா என்று சொல்லவில்லை. 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு, எல்லாம் பள்ளிக்கே வந்தன. மனசுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

அத்தனை டாக்டர்களுக்கு எங்கே போவது என்பார்கள். ஜிம்பாப்வேயில் சாதாரணப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரி வளாகத்தில் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தார்கள். பலன் இருந்தது என்று 2016-ல் வெளியான ஆய்வே சொல்கிறது. நோய் முற்றியவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பினால் போதும்.

அரசுப் பள்ளிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள், கதவு சாத்திப் பேச ஓர் அறை. கேட்பது இவ்வளவுதான். இதைக்கூடச் செய்யாமல் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனதைரியம் இல்லை" என்று யாரும் பேச வேண்டாம்.