காரா, பஸ்ஸா? - கோடை லீவு பஞ்சாயத்து

முழுப்பரீட்சை முடிந்த கையோடு பல்லடம் சுற்றுவட்டார வீடுகளில் ஒரு பஞ்சாயத்து தவறாமல் கூடும். எங்கே போவது என்பதில் பெரிய தகராறு இருக்காது. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். இல்லையென்றால் ஊட்டி. காசும் லீவும் கூடி வந்தால் இரண்டும். தகராறெல்லாம் எப்படிப் போவது என்பதில்தான்.

"கார் சும்மாதான நிக்குது, அதுலயே போயிட்டு வந்தரலாமுங்க" என்பது ஒரு கட்சி. "பேசாம பஸ்ல போலாம்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு உறுப்பினர்தான், அதுவும் அப்புச்சியாகத்தான் இருப்பார். ஓட்டெடுத்தால் டெபாசிட் காலி.

ஆனால் தோற்றுப்போகிற அந்தக் கட்சி பக்கம்தான் நியாயம் அதிகம். என்ன, அப்புச்சி அதற்குச் சொல்கிற காரணம்தான் தப்பு. அவர் பெட்ரோல் செலவைச் சொல்வார். உண்மையான காரணம் பெட்ரோல் அல்ல, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற ஆள்.

சரி, முதலில் கார் கட்சியின் வாதத்தைக் கேட்டுவிடுவோம். சும்மா சொல்லக்கூடாது, அதிலும் விஷயம் இருக்கிறது. பல்லடம் திருச்சி ரோட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். கோவையிலிருந்து திருச்சிக்கும் தாராபுரம் வழியாக மதுரைக்கும் போகிற பஸ்கள் எல்லாம் இந்த வழிதான். கோயம்புத்தூர் போவதற்கு பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த பஸ் சிங்காநல்லூரில் இறக்கிவிடும். மேட்டுப்பாளையம், ஊட்டி பஸ்கள் கிளம்புவதோ சாய்பாபா காலனிப் பக்கம், மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில். ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, இரண்டு குழந்தைகள், நான்கு பை, ஒரு தூக்குப்போசி சகிதம் டவுன் பஸ் பிடிக்க வேண்டும். கோவைக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். திருச்சிக்குச் சிங்காநல்லூர், பொள்ளாச்சிக்கு உக்கடம், ஈரோட்டுக்குக் காந்திபுரம் என்று திசைக்கு ஒரு பஸ் ஸ்டாண்ட் வைத்திருக்கிற ஊர் அது. வெளியூர்க்காரருக்குத் தலை சுற்றும்.

காரில் போனால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. காரணம்பேட்டை, சோமனூர், கருமத்தம்பட்டி, அன்னூர் என்று கோயம்புத்தூரைத் தொடாமலேயே மேட்டுப்பாளையம் போய்விடலாம். ஏறக்குறைய 70 கி.மீ. வாசலில் ஏறினால் பூங்கா வாசலில் இறங்கலாம். குழந்தை வாந்தி எடுத்தால் நிறுத்தலாம். மாற்றுத் துணி மூட்டையை டிக்கியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு உள்ளே போகலாம்.

செலவையும் பார்த்துவிடலாம். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற கார் என்றால் போக வர ஒன்பது, பத்து லிட்டர். ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில், 2018-ல் சாதாரண வெளியூர் பஸ்ஸுக்கு நிர்ணயித்த கி.மீ.க்கு 58 பைசா கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு நாற்பது, ஐம்பது ரூபாய். நாலு பேர் போய்வர நானூறு. (வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. திருப்பூர் வரைக்கும் டவுன் பஸ்ஸில் போனால் வீட்டில் பாதிப் பேருக்கு அதுவும் மிச்சம்.) ஆக மொத்தம் வித்தியாசம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். ஒரு குடும்பம் பூங்காவுக்குள் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிற காசுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு செலவே இல்லை. கணக்கில் அப்புச்சி கட்சி இப்படித்தான் தோற்கிறது.

இப்போது அந்தக் கணக்கில் விட்டுப்போனதைப் பார்க்க வேண்டும்.

பல்லடம் விசைத்தறி ஊர், கறிக்கோழி ஊர். இந்த இரண்டு தொழிலிலும் ராத்திரி என்பது தூங்குவதற்கான நேரம் மட்டும் அல்ல. தறி இரண்டு ஷிப்ட் ஓடும். கோழிப் பண்ணையில் லோடு ஏற்றுவது பெரும்பாலும் ராத்திரியில்தான், வெயிலில் கோழி தாங்காது. அப்படிப்பட்ட வீட்டில் டூர் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி என்ன நடக்கும்? நாளைக்கு லீவு போடுகிறோமே என்று கூடுதலாகத்தான் வேலை நடக்கும். அப்பா வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு, ஒன்று. ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள். ஆறு மணிக்கு ஸ்டியரிங்.

போகும்போது பிரச்சினை இல்லை. காலைக் காற்று, பாட்டு, அன்னூர் பக்கம் ஒரு டீ. விஷயம் திரும்பி வரும்போதுதான். தண்ணீரில் நாள் முழுக்க ஆடியவர்களுக்குத் தெரியும், அந்தக் களைப்பு மற்றக் களைப்பு மாதிரி இல்லை. அலைக்குளத்தில் நின்று, படி ஏறிச் சறுக்கி, மறுபடி ஏறிச் சறுக்கி, மே மாத வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து... சாயங்காலம் உடம்பு பஞ்சாகிவிடும். வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் பின்சீட்டு மொத்தமும் தூங்கிவிடும். முன்சீட்டில் அம்மா கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுப்பார். அன்னூர் வருவதற்குள் அவரும் தூங்கிவிடுவார். விழித்திருக்கிற ஒரே ஆள், முந்தின ராத்திரி தூங்காத ஆள். எதிரே லாரிகளின் ஹைபீம் வெளிச்சம். இருட்டிய பிறகு எழுபது கி.மீ.

பஸ் ஓட்டுநர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை சொல்லிவந்தது. (அது எந்த அளவுக்கு நடந்தது என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.) அப்பாக்களுக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது. தறியில் நின்ற நேரத்தையும் சறுக்கு மரத்தில் ஏறிய நேரத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. தூக்கம் வருகிறது என்று அவரும் சொல்லமாட்டார். சொன்னால் டூர் கெட்டுவிடும் அல்லவா?

இன்னொன்று. இந்த மாதிரி அப்பாக்களில் பலர் பூங்காவுக்குள்ளேயே பாதி நாள் நிழலில் உட்கார்ந்து பை காத்துக்கொண்டிருப்பார்கள். கேட்டால் "நீங்க ஆடுங்க கண்ணு, நான் வண்டி ஓட்டோணுமல்ல" என்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவர் அவர். லீவு கிடைக்காத ஆளும் அவர்தான்.

இந்தச் சண்டை உலகம் பூராவும் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1971-ல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டு ஒரு பெரிய நகரம் அளவுக்கு, சுமார் நூறு சதுர கி.மீ. பரப்பில் இருக்கிறது. அங்கே அவர்களுடைய விடுதியில் தங்குகிறவர்களுக்குப் பூங்கா வாசல் வரை இலவச பஸ். அப்படியிருந்தும் "பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிற நேரத்தில் சொந்தக் காரில் போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று ஒரு கூட்டம் அங்கேயும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது கால்மணி, அரைமணி நேர வித்தியாசத்துக்கான சண்டை. இங்கே இருப்பது வேறு. பூங்கா வாசலிலிருந்து பல்லடம் வரை யார் கண் விழித்திருப்பது என்ற கேள்வி.

ஊட்டி என்று வந்துவிட்டால் கார் கட்சியின் பாதி வாதம் தானாகவே விழுந்துவிடும். நினைத்த நேரத்தில் கிளம்பலாம் என்பதுதானே காரின் பெருமை? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற கணக்கைப் பார்த்துவிட்டு நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. அடுத்த வருடம், 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு கட்டினார்கள். அரசு பஸ்ஸுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அதாவது மலைக்கு நினைத்த நேரத்தில் கிளம்புகிற சுதந்திரம் கார்க்காரரிடமிருந்து பஸ்காரரிடம் போய்விட்டது. வேடிக்கைதான்.

மலை ரோடும் சமவெளி ரோடும் ஒன்றல்ல. பல்லடம் - தாராபுரம் ரோட்டில் ஐந்தாவது கியரில் பறக்கிற கை, குன்னூர் கொண்டை ஊசி வளைவில் தடுமாறும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. இரண்டாவது கியரில் இறங்கு என்று வழியெல்லாம் போர்டு வைத்திருக்கிறார்கள். சமவெளி டிரைவருக்கு அது மெதுவாகப் போகச் சொல்கிற அறிவுரை மாதிரிதான் தெரியும். விஷயம் அதுவல்ல. கீழ் கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படிச் செய்யாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. தினமும் அந்த மலையில் ஏறி இறங்குகிற பஸ் ஓட்டுநருக்கு இதையெல்லாம் போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்குத்தான் வேண்டும், அவரோ அந்த நேரத்தில் முன்னால் போகிற வேனை எப்படி முந்துவது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மலர்க் கண்காட்சி சமயத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் பார்க்கிங் தேடுவதில் ஒரு மணி நேரம் போகும். தாவரவியல் பூங்காவைப் பார்க்க வந்தவர் சேரிங் கிராஸில் முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வளவு சொன்னதால் பஸ்ஸில் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது, நிறையவே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊட்டிக் கூட்டமும் பூங்காக் கூட்டமும் ஒன்றாக இறங்கும். ஊட்டியிலிருந்து வருகிற பஸ் நிறைந்துதான் வரும். தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத் துணிப் பையோடு, நின்றுகொண்டே எழுபது கி.மீ. வர எந்த அம்மாவும் சம்மதிக்கமாட்டார். சம்மதிக்கவும் கூடாது. ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கலை எல்லா வீட்டுக்கும் கைவரவில்லை. திருப்பூருக்கு இரவு வந்து இறங்கினால் அங்கிருந்து பல்லடத்துக்கு இன்னொரு பஸ். கார் வாங்கியவர்களில் பாதிப் பேர் காரை விரும்பி வாங்கியவர்கள் அல்ல, இந்த மாதிரி ஒரு ராத்திரியை அனுபவித்த பிறகு வாங்கியவர்கள்.

இத்தனைக்கும் இது தீர்க்க முடியாத பிரச்சினை இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கும், தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கும் சிறப்புப் பஸ் விடத் தெரிந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, ஏப்ரல், மே மாத ஞாயிறுகளில் பல்லடத்திலிருந்து திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாகப் பூங்கா வாசலுக்கே ஒரு பஸ் விட்டு, சாயங்காலம் அதே ஆட்களை முன்பதிவு சீட்டில் ஏற்றி வருவது பெரிய காரியமா? கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் கொடுப்பார்கள். அப்படி ஒன்று வரும் வரைக்கும் நாலைந்து வீடு சேர்ந்து டிரைவரோடு ஒரு வேன் பேசிக்கொள்வதுதான் அடுத்த நல்ல வழி. டிரைவர் மரத்தடியில் வண்டிக்குள் சீட்டைச் சாய்த்து மத்தியானம் பூராவும் தூங்குவார். பார்த்தால் எரிச்சலாக இருக்கும். ஆனால் திரும்பும்போது அந்தத் தூக்கம்தான் எல்லோரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

கடைசியாக ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை யாரும் பஞ்சாயத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "கார் வாசல்ல நிக்க, பஸ்ஸுக்கு நிக்கறாங்க பாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுவார்களே என்ற பயம். தறி நன்றாக ஓடிய வருடத்தில் கடன் வாங்கி எடுத்த கார். உறவுக்காரர் சீருக்கும் கோயில் நோம்பிக்கும் அதில் போய் இறங்கினால்தான் மரியாதை. அதை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ் ஏறுவது, தொழில் படுத்துவிட்டது என்று ஊருக்கு அறிவிப்பது மாதிரி. பெட்ரோல் கணக்கு, நேரக் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கணக்குதான் கடைசி ஓட்டைப் போடுகிறது.

அதனால்தான் சில வீடுகளில் நடுவாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். காரில்தான் கிளம்புகிறார்கள், பக்கத்து வீடும் பார்த்துக்கொள்கிறது. திருப்பூரில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிடுகிறார்கள். அப்பாவுக்கு ஜன்னல் சீட். அவிநாசி தாண்டுவதற்குள் குறட்டை கேட்க ஆரம்பித்துவிடும்.