நெல்லைக்கு வருகிறவர்கள் எங்கே தங்க வேண்டும்?

திருநெல்வேலிக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பலர், ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் "எங்கே தங்கலாம்?" என்று யோசிக்கிறார்கள்.

கையில் பெட்டி இருக்கிறது. குழந்தை அழுகிறது. பாட்டிக்குக் கால் வலிக்கிறது. எதிரே ஒரு லாட்ஜின் போர்டு தெரிகிறது. நேரே அங்கே போய் அறை எடுத்துவிடுகிறார்கள்.

இன்னும் சிலர், வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்க்கிறார்கள். எங்கே வாடகை குறைவோ அங்கே பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த லாட்ஜ் ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது இல்லை.

மறுநாள் ஊர் திரும்பும்போது, "நெல்லையில் என்ன இருக்கிறது? கோவிலுக்குப் போனோம். அல்வா வாங்கினோம். அவ்வளவுதான்" என்று சொல்கிறார்கள்.

தங்கிய இடம் தப்பு. அதனால் ஊர் கண்ணில் படவில்லை!

பெயர் ஒன்று, ஊர் பல

மதுரையில் இந்தத் தொல்லை கிடையாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மீனாட்சி அம்மன் கோவில் வந்துவிடும். ரயிலடியில் தங்கினாலும் கோவிலுக்குப் பக்கத்தில் தங்கியதாகவே ஆகும்.

நெல்லை அப்படி அல்ல. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து 1994-ல் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் குணத்தை விடவில்லை. நெல்லைக்காரர் ஒருவரிடம் "திருநெல்வேலிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், "டவுனா, ஜங்ஷனா, பாளையா?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

மேற்கே இருந்து கிழக்கே ஒரு கோடு போட்டால் ஊர் எளிதாகப் புரியும். முதலில் டவுன். நெல்லையப்பர் கோவில் இங்கேதான் இருக்கிறது. அதற்குக் கிழக்கே ஈரடுக்கு மேம்பாலம். ரயில் பாதைக்கு மேலே செல்லும் இந்தப் பாலத்துக்குத் திருவள்ளுவரின் பெயர். பாலத்தைத் தாண்டினால் சந்திப்பு. ரயில் நிலையம் அங்கே இருக்கிறது. அதற்கும் கிழக்கே தாமிரபரணி ஆறு. ஆற்றைக் கடந்தால் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும். அதற்கு அப்பால் பாளையங்கோட்டை. இன்னும் தெற்கே போனால் வேய்ந்தான்குளம். அங்கே வெளியூர் பஸ்கள் வந்து போகும் புதிய பஸ் நிலையம் இருக்கிறது.

ஒரு காலத்தில் டவுனில் இருந்து பாளையங்கோட்டைக்குப் போக ஆற்றில் படகு ஏற வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த சுலோசன முதலியார் என்பவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துப் பாலம் கட்ட வைத்தார். 1843-ல் கட்டி முடித்த அந்தப் பாலம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவர் புண்ணியத்தில் இன்று எந்தக் கரையில் தங்கினாலும் மறு கரைக்குப் போய்விடலாம். ஆனாலும் போக நேரம் ஆகும், காசும் ஆகும்.

கோவில் பார்க்க வந்தவர்கள்

குடும்பத்தோடு நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் தரிசிக்க வருகிறவர்கள் டவுனில்தான் தங்க வேண்டும். காரணம் இருக்கிறது.

நெல்லையப்பர் கோவில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருகிற கோவில் அல்ல. சுவாமிக்கு ஒரு கோவில், அம்மனுக்கு ஒரு கோவில். இரண்டையும் இணைக்கிறது சங்கிலி மண்டபம். அதை 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டினார். தட்டினால் நாதம் எழும்பும் கல் தூண்கள் இருக்கின்றன. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிரசபை இருக்கிறது. நிதானமாகப் பார்க்க இரண்டு வேளை வேண்டும்.

நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலை 4 மணி அளவில்தான் மறுபடி திறப்பார்கள். இடையில் நெல்லை வெயில் மண்டையைப் பிளக்கும்.

பஸ் நிலையத்துப் பக்கம் தங்கிய குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். காலையில் கோவிலுக்குப் போக ஒரு ஆட்டோ சவாரி. பகலில் அறைக்குத் திரும்ப ஒரு சவாரி. மாலையில் மறுபடி போக ஒன்று, வர ஒன்று. ஆக நாலு சவாரி. குடும்பத்தில் ஆறு பேர் என்றால் இரண்டு ஆட்டோ வேண்டும். நாலு சவாரி எட்டாகிவிடும்! அறை வாடகையில் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. செலவுக்குப் பயந்து மாலையில் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

டவுனில் தங்கியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. நடை சாத்தினால் அறைக்குப் போய்ப் படுக்கலாம். வெயில் தாழ்ந்ததும் எழுந்து வரலாம். பாட்டிக்குக் கால் வலித்தால் பாட்டி மட்டும் அறையில் இருக்கலாம். மற்றவர்கள் நடந்தே போய் வரலாம்.

விடியற்காலையும் விளக்கு வைத்த பிறகும்

டவுனின் அழகு இரண்டு வேளையில் தெரியும். ஒன்று, விடியற்காலை. ரத வீதிகளில் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள். நயினார்குளம் சந்தைக்குக் காய்கறி வண்டிகள் போகும். கோவில் மணி கேட்கும்.

மற்றொன்று, விளக்கு வைத்த பிறகு. நாலு ரத வீதிகளிலும் பாத்திரக் கடை, ஜவுளிக் கடைகளில் கூட்டம் நெரியும். கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். அல்வாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தொலைவில் தங்கியவர், "நேரமாகிவிட்டதே, ஆட்டோ கிடைக்குமோ" என்ற கவலையில் பாதி வரிசையில் திரும்பிவிடுவார். பக்கத்தில் தங்கியவருக்கு என்ன அவசரம்?

ஆனி மாதத் தேரோட்டத்தின்போது இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். நெல்லையப்பர் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. ரத வீதிகளில் ஜனவெள்ளமாக இருக்கும். வண்டி நுழைய முடியாது. டவுனில் தங்கியவர் அறையை விட்டு இறங்கி வடம் பிடிக்கலாம். மற்றவர்கள் எங்கோ இறங்கி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சொல்ல வேறு விஷயங்களும் டவுனில் உண்டு. 1908 மார்ச் 13-ல், வ.உ.சிதம்பரனாரைக் கைது செய்ததைக் கண்டித்து ஜனங்கள் திரண்டது இந்த ஊரில்தான். போலீசாரின் துப்பாக்கிக் குண்டுக்கு நாலு பேர் பலியானார்கள். பாரதியார் பிள்ளைப் பருவத்தில் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியும் நெல்லையில்தான் இருக்கிறது.

மற்றவர்கள் எங்கே தங்குவது?

எல்லோரும் கோவிலுக்கு வருவது இல்லை. வேலையைப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

விடியும் முன்னே ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்குச் சந்திப்பே நல்லது. ஒரு ராத்திரி தலை சாய்த்துவிட்டுப் போகிறவர்கள் டவுனுக்குப் போவது வீண் அலைச்சல்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாளையங்கோட்டையில் தங்க வேண்டும். ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. நோயாளிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நாளுக்கு மூன்று தடவை நடக்கிறவர்களுக்குத் தூரம் ஒரு பெரிய தண்டனை.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்களுக்கும் பாளைதான் வசதி. 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரியும், 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரியும் அங்கேதான். தெருக்களும் டவுனைவிட அகலம். சத்தமும் குறைவு.

காரில் வருகிறவர்களுக்கு வண்ணார்பேட்டை சவுகரியம். புதிய ஓட்டல்கள் இருக்கின்றன. வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். டவுனில் அது கஷ்டம்.

கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், ஆதிச்சநல்லூர், நவதிருப்பதி என்று கிழக்கே போகிறவர்கள் பாளையில் தங்கினால் திருச்செந்தூர் ரோடு கைக்கெட்டும் தூரம். பாபநாசத்தையும் பொதிகை மலை அடிவாரத்தையும் பார்க்க வருகிறவர்கள் நெல்லையில் தங்கவே வேண்டாம். நேரே அம்பாசமுத்திரம் போய்விடலாம்.

மழைக் காலத்தில் எச்சரிக்கை

ஆற்றங்கரையில் தங்க ஆசை வருவது இயற்கை. தாமிரபரணியைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரை கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை நெல்லை மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணியில் வெள்ளம் கரை புரண்டது. குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியது. சந்திப்பு பஸ் நிலையப் பகுதியிலும் ஆற்றை ஒட்டிய தெருக்களிலும் தண்ணீர் புகுந்தது.

அந்த மாதங்களில் வருகிறவர்கள் ஆற்றை ஒட்டிய தெருக்களில் தரைத் தளத்து அறையை எடுக்கக் கூடாது. மாடி அறை கேட்க வேண்டும். முதியவர்கள் இருந்தால், மாடிக்கு லிப்ட் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அறையையும் கழிவறையையும் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வர வேண்டும்.

டவுனில் நல்ல விடுதிகள் வேண்டும்

"டவுனில் தங்கச் சொல்வது சரி. அங்கே நல்ல அறை கிடைக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலும் இருக்கிற அளவுக்கு விடுதிகள் டவுனில் இல்லை. இருப்பதிலும் சில பழசாகிவிட்டன.

முன்னோர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். யாத்திரை வருகிறவன் கோவிலுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் தங்க வேண்டும் என்று சத்திரம் கட்டினார்கள். காசியிலே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தை விசுவநாதர் கோவிலுக்குப் பக்கத்தில்தான் அமைத்தார்கள். அங்கிருந்து இன்றும் நாள்தோறும் கோவிலுக்குப் பூஜைப் பொருள்கள் போகின்றன. இத்தனை தூரத்தில், வேற்று மொழி பேசும் ஊரில் தமிழர்கள் செய்து காட்டியதை, நெல்லையில் செய்ய முடியாதா?

இப்போது லாட்ஜுகள் ரயிலைத் தேடிப் போயின. பிறகு பஸ்ஸைத் தேடிப் போயின. இப்படியே போனால், டவுன் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு ஓடுகிற இடமாகிவிடும். ராத்திரி தங்குகிற ஆள் இருந்தால்தான் இட்லிக் கடைக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் பாத்திரக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். தங்க ஆள் இல்லாத தெருவில் கடைகள் ஒவ்வொன்றாக மூடும்.

அறநிலையத்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து, ரத வீதிகளுக்குப் பக்கத்தில் சுத்தமான விடுதி ஒன்று கட்டலாம். ஆடம்பரம் வேண்டாம். நல்ல தண்ணீர், துப்புரவான கழிவறை, முதியவர்கள் ஏற ஒரு லிப்ட், நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய வாடகை. இவை போதும். டவுனில் பெரிய வீடு வைத்திருப்பவர்களும் மாடியைச் சீர்செய்து, முறைப்படி அனுமதி வாங்கி வாடகைக்கு விடலாம்.

அதுவரையில், இருக்கிற விடுதிகளில் நல்லதைத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். நெல்லைக்கு ரயில் டிக்கெட் வாங்கும் அன்றைக்கே, "எதற்காகப் போகிறோம்?" என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும். நெல்லையப்பரைப் பார்க்கத்தான் என்றால், டவுனில் அறை இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கட்டும். அங்கே கிடைக்காவிட்டால் மற்ற இடத்தைப் பார்க்கட்டும்.