பசையில் கலந்த மயில்துத்தம்

இந்த வாரம் கோபம் தணியவே இல்லை. அக்னி நட்சத்திரத்தில் ராப்பகலாக ஓடிய ஏ.சி., வெளியே விடவேண்டிய தண்ணீரைச் சுவருக்குள்ளேயே விட்டிருக்கிறது. நாற்றம் தாங்காமல் புத்தக அலமாரியை நகர்த்திப் பார்த்தால், இடுப்புயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். தொட்ட இடத்தில் பட்டி, நனைந்த விபூதிபோல விரலோடு வந்தது.

மெக்கானிக் தம்பி டிரெயின் குழாயை ஊதிப் பார்த்துவிட்டு, “வாட்டமே குடுக்கல சார், தண்ணி எப்படிப் போகும்?” என்றார். சுவருக்குள் புதைத்த குழாய் பாதி வழியில் மேல்நோக்கி ஏறுகிறது. அங்கே அழுக்கு அடைத்து, ஜாயின்ட்டில் கசிந்திருக்கிறது. எங்கள் குடியிருப்பைக் கட்டியவர்மேல் எனக்குள்ள வழக்கு தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: லிஃப்ட், மொட்டைமாடித் தொட்டி, ஜன்னலில்லாத குளியலறை. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் ஒரு ஏ.சி. ஒரே நாளில் வாளி நிறையத் தண்ணீர் இறக்கும். அது போக வழி விடாமல் குழாய் பதிப்பவரை எப்படி மன்னிப்பது?

பெயின்டர் வந்தார். “ஒரு கோட் அடிச்சா மறைஞ்சிடும்” என்றார். மறையும், உள்ளே வளரும். ஈரம் ஒன்றிரண்டு நாள் நின்றாலே பூசணத்துக்குப் போதும். கசிவை நிறுத்தி, பட்டியைச் சுரண்டியெடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். சுவர் கதை இவ்வளவுதான். சுவரை இடித்துக்கூடக் கட்டிக்கொள்ளலாம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது பெரியம்மாவின் ‘பொன்னியின் செல்வன்’.

1950 அக்டோபரில் ‘கல்கி’யில் தொடர் ஆரம்பித்ததிலிருந்து 1954இல் முடிகிறவரை, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து அடுக்கி, ஐந்து பாகத்தையும் கும்பகோணத்தில் பைண்டு செய்து வாங்கியவர் அவர். மணியத்தின் சித்திரங்கள் முதன்முதலில் அச்சான தாளிலேயே இருக்கின்றன. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானபின் கடைக்குக் கடை கிடைக்கும் பதிப்புகளில் பல, படமே இல்லாதவை. மணியம் வரைந்த நந்தினியைப் பார்க்காமல் அந்தக் கதையைப் படிப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பத்திரிகை வாங்கிய எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நூலகம் உண்டானது. ஓரத்தில் பென்சிலால் தேதி; இரவல் போன வீட்டின் எண்ணெய்க் கறை; அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறம் பாதியில் நிற்கும் ஒரு துணுக்கு. எந்தப் பதிப்பகமும் போட முடியாத புத்தகம் இது.

நான்கு பாகங்களில் அட்டையோடு நின்றிருந்தது பூசணம். மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ மட்டும் முதுகு முழுக்க வெளுத்துப் பூத்திருந்தது. தையல் விட்டுப்போய், சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு கடையில் மறுபடி பைண்டு செய்த பாகம் அது. வெறும் மைதாப் பசை. மாவுச்சத்தும் ஈரமும் சேர்ந்தால் பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? கும்பகோணத்துக்காரர் பசை காய்ச்சும்போது மயில்துத்தம் கலப்பாராம். பூச்சியும் அரிக்காது, பூசணமும் பிடிக்காது என்று பெரியம்மா சொல்வார். பழைய முதுகுகளின் ஓரத்தில் இன்னும் லேசாக நீலப்பச்சை தெரிகிறது. எழுபது வருஷமாக அந்தச் சிட்டிகை காவல் நிற்கிறது என்றே நம்புகிறேன்.

‘கொலை வாளை’ ஈரத்துணியால் துடைக்க விடவில்லை. துடைத்தால் பூசணத்தின் வித்துகள் தாளுக்குள் இறங்கிவிடும். மாஸ்க் போட்டுக்கொண்டு பால்கனி நிழலில் விரித்துவைத்து, நன்றாகக் காய்ந்தபிறகு மெல்லிய பிரஷால் வெளிப்பக்கமாகத் தட்டி உதிர்த்தோம். உச்சி வெயில் அந்தக் காகிதத்துக்கு ஆகாது.

இனி முதுகைப் பிரித்துத் தைக்கவேண்டும். விசாரித்த கடைகளில் எல்லாம் டப்பாவில் வரும் வெள்ளைப் பசைதான். பின்னால் யாராவது பிரிக்க நேர்ந்தால் தாளும் சேர்ந்து கிழியும். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி, நூலால் தைக்கிற பைண்டர் எந்த ஊரில் இருந்தாலும் எழுதுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்து, இருந்து வாங்கி வருகிறேன்.