பம்பரம் வந்தது, மண் எங்கே?

புனே நகரத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், பம்பாய் மார்க்கத்தில் இருக்கும் தளேகாவ், ஒரு காலத்தில் சேனாபதி தாபாடே வம்சத்தாரின் ஊராகவும், பின்னர் ஆளுக்கொரு பைசா என்று ஜனங்களிடம் திரட்டிய சுதேசி நிதியைக்கொண்டு 1908-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கண்ணாடித் தொழிற்சாலையின் ஊராகவும் பெயர் பெற்றிருந்து, இப்போது மோட்டார்த் தொழிலின் ஊராக மாறியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை 2024-இல் ஹூண்டாய் வசமாயிற்று. உத்தியோக நிமித்தம் இப்பக்கம் வந்து, அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போய்த் திரும்புகையில், முறுக்கு டப்பாவோடும் அப்பளக் கட்டோடும் பம்பரம், கோலி, மரச்சொப்பு, பல்லாங்குழிப் பலகை ஆகியவற்றையும் பெட்டியில் வைத்து எடுத்துவருவதைக் காண்கிறோம். தாம் பால்யத்தில் ஆடியதைத் தம் மக்களும் ஆட வேண்டுமென்ற அந்த ஆசையில் குறை காண்பதற்கில்லை. ஆனால், விளையாட்டின் ஒரு பாதிதான் பெட்டியில் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

பம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். சாட்டையின் நுனியை ஆணியின் அடியில் அழுத்தி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகச் சுற்றி, மறுநுனி முடிச்சை விரலிடுக்கில் பிடித்து, வீசிய கணத்திலேயே வெடுக்கென்று பின்னுக்கு இழுக்க வேண்டும். இதைத் தகப்பனார் வரவேற்பறையில் நின்று கற்பித்துவிடலாம் என்று நினைப்பாரானால், வழவழப்பான டைல்ஸ் தரையில் ஆணி பிடிப்பின்றி வழுக்கிச் சோபாவின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும் பம்பரமும், கீறல் விழுந்த தரையைக் காட்டி இல்லத்தரசி விடுக்கும் ஆட்சேபணையும் அவர் உற்சாகத்தை ஐந்து நிமிஷத்தில் தணித்துவிடும். கெட்டித்த மண்தரையில், வட்டத்தின் நடுவே கிடக்கும் பம்பரத்தின்மேல் நாலு பையன்கள் குறிபார்த்து ஆக்கர் வைக்க, சாட்டையை வீசிக் கோத்து மேலே தூக்கி அபீட் எடுக்கும் சாமர்த்தியம் தனியாக ஒரு பிள்ளைக்கு வருவதல்ல. கோலியும் அப்படியே: குதிகாலை ஊன்றித் திருகிக் குழி பறிக்க இடமில்லாத இடத்தில் அது வெறும் கண்ணாடி உருண்டை. இரண்டு நாளில் யாவும் ஷோகேஸுக்குப் போய்விடுகின்றன. பிள்ளைக்கு ருசி இல்லை, எல்லாம் செல்போன் செய்த வேலை என்று பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். இது நியாயமான தீர்ப்பன்று.

பல்லாங்குழிக்கும் தாயக்கட்டைக்கும் இந்தச் சங்கடம் இல்லை. பதினான்கு குழிகளும், கைநிறையச் சோழியோ புளியங்கொட்டையோ, எதிரே உட்கார ஒரு பாட்டியும் இருந்தால் ஏழாவது மாடியிலும் ஆட்டம் நடக்கும். தளேகாவ் அடங்கிய மாவள வட்டாரத்தின் நாலு மாத மழைக்கு அதைவிட ஏற்ற விநோதம் வேறில்லை.

வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இதே புனேயில், வானியல் ஆராய்ச்சி ஸ்தாபனமான ஐயூகாவின் குழந்தைகள் விஞ்ஞான நிலையத்தில் 2003 முதல் 2014 வரை பணியாற்றிய அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் பழைய செய்தித்தாளையும்கொண்டு நூற்றுக்கணக்கான பொம்மைகளைச் செய்து காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். எறிந்த குப்பையிலிருந்து பொம்மை செய்துவிடலாம். ஆடும் நிலத்தை அப்படிச் செய்துகொள்ள முடியாது.

சர்க்காரின் கவனமும் பெரும்பாலும் பொம்மையோடு நின்றுவிடுகிறது. 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை போன்ற, புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. சாயத்தில் ஈயம் உண்டா, முனை கூரா என்றெல்லாம் பரீட்சை செய்வது அவசியமே. நிலத்தைப் பொறுத்தவரை, மகாராஷ்டிரத்தின் 2020-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 4,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொழுதுபோக்குக்கான திறந்தவெளியாக விடச் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அந்தத் திறந்தவெளி பெரும்பாலும் சிமெண்ட் கல் பாவிய நடைபாதையாகவும், மிதிக்கக் கூடாத புல்வெளியாகவும், ரப்பர் விரிப்பின்மேல் நிறுத்திய பிளாஸ்டிக் சறுக்குமரமாகவும் முடிந்துவிடுகிறது.

மண் இருந்தால் தூசி பறக்கும், மழையில் சேறாகும் என்பார்கள். ஆகட்டும், குளிப்பாட்டிக்கொள்ளலாம். கிட்டிப்புள் கண்ணைப் பதம் பார்க்கும், கார்க் கண்ணாடியை உடைக்கும் என்பது மட்டும் மறுக்க முடியாத ஆட்சேபணை. அதைப் பெரிய மைதானத்துக்கென்று விட்டுவிடுவோம். பம்பரத்துக்கும் கோலிக்கும் இரண்டு கார்கள் நிற்கும் இடம் போதும். இது தமிழர் மட்டும் கேட்கிற சலுகையும் அன்று: பக்கத்து வீட்டு மராட்டியத் தாத்தாவும் சிறு வயதில் இதே பம்பரத்தைச் சுற்றியவர்தாம், குடியிருப்போர் சொசைட்டிக் கூட்டத்தில் பேச்செடுத்தால் முதலில் கைதூக்குபவர் அவராகவே இருக்கக்கூடும்.

ஆகவே தளேகாவிலும், அதைப் போலப் புதிதாக எழும்பும் நம் நகரங்களிலும் சொசைட்டி நிர்வாகம் பார்ப்போருக்கு ஒரு விண்ணப்பம்: வருஷாந்தரக் கூட்டத்தில் அடுத்த முறை கல் பாவும் செலவுக்கு அனுமதி கோரும்போது, ஒரு மூலையை மட்டும் பாவாமல் விட்டுவிடுங்கள்.