சுற்றுலாத் தொழிலுக்குத் தராதரச் சான்று: பூநகரியிலிருந்து எமது நிலைப்பாடு

பூநகரியில் விருந்தினருக்கு வீட்டில் அறை கொடுப்போர், சமைத்துப் பரிமாறுவோர், களப்பிலும் கௌதாரிமுனைப் பக்கமும் படகோட்டுவோர், வழிகாட்டுவோர் எல்லோரும் சேர்ந்தது எங்கள் சங்கம். சுற்றுலாவால் வருமானம் பெறும் ஒவ்வொருவரும் பதிவும் தராதரச் சான்றும் பெற்றிருக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும் என்பதே எங்கள் பதில். சிறியவர் பெரியவர், உள்ளூரார் வெளியூரார் என்ற வேறுபாடு இதில் கூடாது. ஆனால் இன்றைய நடைமுறையைத் திருத்தாமல் அதைக் கட்டாயமாக்கினால், காசுள்ளவர் பதிவு பெறுவார். ஊரவர் தம் ஊரிலேயே சட்டவிரோதமாகத் தொழில் செய்பவர் ஆகிவிடுவார். அதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். அதற்கு முன் கேரதீவுக்குப் 'பாதை' எனப்படும் மிதவையில் கடந்த நாட்களை எங்களில் மூத்தவர்கள் மறக்கவில்லை. இப்போது மன்னாரிலிருந்து ஏ-32 வீதியில் யாழ்ப்பாணம் போகும் வாகனங்கள் எங்கள் ஊரைக் கடந்தே போகின்றன. கோட்டையடியில் நிற்கின்றன, படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள், 1805 இல் ஆங்கிலேயர் பூநகரியில் ஒரு வாடிவீடு அமைத்தார்கள். மண்ணித்தலை, பரமன்கிராய், வெட்டுக்காடு ஆகிய இடங்களில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கண்ட ஆதிக் குடியிருப்புச் சான்றுகளோ கோட்டைக்கும் பல நூற்றாண்டு முந்தியவை. 1993 இல் வந்த அவருடைய 'பூநகரி தொல்பொருளாய்வு' எங்கள் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டிய நூல். இதையெல்லாம் வந்தவருக்கு எடுத்துச் சொல்ல, அனுமதி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வேண்டும்.

சான்று ஏன் வேண்டும் என்பதைப் பூநாரைகளை வைத்தே சொல்லலாம். மாரி முடியும் காலத்தில் அவை எங்கள் களப்பின் ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்து, சேற்றிலுள்ள நுண்ணுயிர்களை வடித்து மேய்கின்றன. நாள் முழுக்க மேய்ந்தால்தான் வயிறு நிறையும். பறக்கிற படம் வேண்டுமென்று ஹோர்ன் அடித்துக் கிளப்புவதையும், கூட்டத்துக்கு மேலே ட்ரோன் விடுவதையும், படகை நேரே நடுவில் ஓட்டுவதையும் நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பறவை தின்றதைச் செலவழித்துப் பறக்கிறது. தொந்தரவு தொடர்ந்தால் வேறு களப்பைத் தேடிப் போய்விடும். ஆட்களைக் கூட்டிவந்தவர் யாரென்று கேட்டால் எவரிடமும் பதிவு இல்லை. முறையிட ஓரிடமும் இல்லை. பதிவு இருந்தால் அதை இரத்துச் செய்யலாம் என்ற பயமாவது இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை விடுதிகளையும் வீட்டுத் தங்குமிடங்களையும் பதிவு செய்கிறது. தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று வகை பிரித்து அனுமதியும் வழங்குகிறது. அந்தக் கட்டமைப்பை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் சிக்கல் காணியில் தொடங்குகிறது.

தங்குமிடத்தைப் பதிய உறுதியோ குத்தகை ஒப்பந்தமோ காட்ட வேண்டும். வன்னியில் பெருந்தொகையான குடும்பங்கள் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகளில். அந்தப் பத்திரம் தாத்தாவின் பெயரில் இருக்கும். பெயர் மாற்றம் நடந்திருக்காது. 2008 இல் போரால் வீட்டை விட்டு ஓடியபோது கைப்பையோடு தொலைந்த பத்திரங்களும் உண்டு. மூன்று தலைமுறையாக அதே வளவில் இருக்கும் குடும்பத்துக்குக் கிராம அலுவலரும் பிரதேச செயலாளரும் கொடுக்கும் உறுதிப்படுத்தல் கடிதம் சுற்றுலாப் பதிவுக்குப் போதுமானதாக ஏற்கப்பட வேண்டும். எமது கோரிக்கைகளில் இதையே முதலாவதாக வைக்கிறோம். மற்ற எல்லாம் கிடைத்து இது கிடைக்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காததற்குச் சமம்.

அடுத்தது, எதை வைத்து மதிப்பிடுகிறீர்கள் என்பது. கேரளத்தில் வீட்டுத் தங்குமிடங்களை வைரம், பொன், வெள்ளி என்று தரம் பிரிக்கிறார்கள். சாதாரண வீடும் ஒரு படியில் நுழைந்து மேலே போகலாம். இங்கேயும் அப்படிப் படிகள் வேண்டும். கோடையில் பவுசர் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் ஊரில் குளிரூட்டியையும் தரையோட்டையும் எண்ணிப் புள்ளி போடுவது பொருந்தாது. குடிநீர்த் தாங்கி மூடியிருக்கிறதா, கழிவறை சுத்தமா, அறைக் கதவுக்கு உள்பூட்டு உண்டா, சமையலறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்தாரா என்று கேளுங்கள். மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறும் களப்பு நண்டும் வைக்கும் வீட்டுக்கு ஹோட்டல் பட்டியல் எதற்கு?

கேரளத்தின் குமரகத்தில் 2008 அளவில் பெண்கள் குழுக்கள் விளைவித்த மரக்கறியை ஹோட்டல்கள் வாங்கும் ஏற்பாடு தொடங்கியது. அதுபோல, பூநகரிக்கு வரும் பெரிய முதலீட்டாளருக்குத் தரச்சான்று கொடுக்கும்போது, உள்ளூரில் எவ்வளவு வாங்குகிறார், உள்ளூரவர் எத்தனை பேருக்கு வேலை கொடுத்திருக்கிறார் என்பதும் அளவுகோலாக வேண்டும். கௌதாரிமுனையின் மணற்குன்றுகளில் அவர் கைவைக்கவில்லை என்பதும் அப்படியே.

முப்பது வருடம் களப்பில் தொழில் செய்தவருக்கு எங்கே நீரோட்டம், எங்கே சேறு, எந்தக் காற்றுக்கு வள்ளத்தை இறக்கக் கூடாது என்பது தெரியும். அவரிடம் சாதாரண தரப் பெறுபேறு கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசியத் தொழில் தகைமை வழங்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மதிப்பீட்டாளரைப் பூநகரிக்கு அனுப்புங்கள். மேலதிகப் பயிற்சிக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் நிறுவனங்கள் உண்டு. விண்ணப்பத்திலிருந்து நேர்முகம் வரை எல்லாம் தமிழில் நடக்க வேண்டும். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. இதைச் சலுகையாக நாங்கள் கேட்கவில்லை.

தளர்த்தக் கூடாதவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகுக்குச் சான்று கொடுக்கக் கூடாது, அது எங்கள் உறுப்பினருடையது என்றாலும். அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவது, காலநிலை எச்சரிக்கை நாளில் இறங்குவது, பறவைக் கூட்டத்துக்குள் ஓட்டுவது, வெளிநாட்டவருக்கு ஒரு விலையும் உள்நாட்டவருக்கு ஒரு விலையும் சொல்வது: இவற்றில் எதைச் செய்தாலும் எமது சங்க உறுப்புரிமை நீக்கப்படும். அரசின் சான்று வரும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை, இந்த விதிகள் இப்போதே எங்களைக் கட்டுப்படுத்துகின்றன.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையையும், வடக்கு மாகாண நிர்வாகத்தையும், எங்கள் பிரதேச செயலாளரையும், பிரதேச சபையையும் கேட்டுக்கொள்கிறோம்: அடுத்த முறை பூநாரைகள் வருவதற்கு முன் பூநகரிப் பிரதேச செயலகத்தில் ஒரு நடமாடும் பதிவுச் சேவையை நடத்துங்கள். காணி அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், சுற்றுலா அதிகாரி மூவரும் ஒரே நாளில் ஒரே மேசையில் இருக்க வேண்டும். எங்கள் வீடுகளையும் படகுகளையும் அன்றே வந்து பாருங்கள். குறை கண்டால் எழுத்தில் தாருங்கள், திருத்திவிட்டு மறுபடி கூப்பிடுகிறோம்.